பதினொன்று இருபதுக்கு ஒரு பெரியவர்

முப்பத்தொன்பது வயதில் ஒரு பெண் புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, நேராக ஒரு தரம் பக்கவாட்டில் ஒரு தரம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தால் வீட்டில் இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? "அம்மா, முதல் நாளே லேட்டாப் போனா வெளியில நிக்க வெச்சிடுவாங்க," என்றாள் பதினைந்து வயது மகள். "அட்டை நேராத்தான் இருக்கு. நீதான் கோணலா நிக்கிற," என்றார் கணவர்.

அட்டையில் 'பயிற்சி மென்பொருள் பொறியாளர்' என்று அச்சிட்டிருந்தது. 'பயிற்சி' என்ற சொல்லை மட்டும் கட்டைவிரலால் மறைத்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டாள். ஆறு வாரம் இருக்கிறது. அதற்குள் தேறினால் அந்தச் சொல் போய்விடும். தேறாவிட்டால் அட்டையையே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய நாற்காலிக்குப் போக வேண்டியதுதான்.

பழைய நாற்காலி என்பது மருத்துவமனையோடு ஒட்டிய ஒரு ஸ்கேன் சென்டரின் கவுண்டர். பன்னிரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்து, கையில் டோக்கனும் வாயில் 'கொஞ்சம் உட்காருங்க'வுமாக வாழ்ந்தவள். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு அவள் டோக்கன் அக்கா. கடைத்தெருவில் பார்க்கிறவர்கள்கூட "என் நம்பர் எப்ப வரும்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள். பன்னிரண்டு வருஷமாக ஒரே ஜோக்குக்குச் சிரிப்பது எவ்வளவு பெரிய உழைப்பு என்பது கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிடித்தது இரண்டு வருஷத்துக்கு முன்பு. சனிக்கிழமைதோறும் ஊழியர்களின் ஷிஃப்ட் அட்டவணை போடுவது அவள் தலையில் விழுந்த வேலை. யாருக்கு என்ன ஷிஃப்ட் போட்டாலும் யாராவது ஒருவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு நாள் ஒரு இலவசப் பாடத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஏழெட்டு வரி எழுதினாள். ஒருவருக்கு அடுத்தடுத்து இரண்டு இரவு ஷிஃப்ட் வரக்கூடாது, அவ்வளவுதான் அதற்கு அவள் சொன்னது. பொத்தானை அழுத்தினாள். ஒரு மாதத்து அட்டவணையும் கண் சிமிட்டும் நேரத்தில் வந்து நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் கணவர் முதல் குளியலறைக் குழாய் வரை எதுவும் ஒரு தடவை சொல்லிக் கேட்டதில்லை. இது கேட்டது!

அன்றிலிருந்து மதிய இடைவேளை, பஸ் பயணம், ஞாயிற்றுக்கிழமைக் காலை எல்லாம் பாடத்துக்குப் போயின. சாப்பாட்டு மேசையில் இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மகள். "உன் ஹோம்வொர்க் முடிஞ்சுதா?" என்று யார் யாரைக் கேட்பது என்பதில் தினமும் சண்டை. ஏதாவது ஒன்று ஓடிவிட்டால் "வேலை செய்யுது! வேலை செய்யுது!" என்று கத்துவாள். வீட்டில் இருப்பவர்கள் அடுப்பில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வருவார்கள். ஒரு மாதத்தில் ஓடி வருவதை நிறுத்திவிட்டார்கள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் ஒரு நாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "கதவு முழுசா மூடலேன்னா லிஃப்ட் ஓடாது. அவ்வளவுதானே இதுவும்? இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். அப்படிச் சொன்னாரே தவிர, தான் வேலை பார்க்கும் கட்டடத்துக் காவலாளிகள் அத்தனை பேரிடமும் தன் மனைவி சாஃப்ட்வேர் என்ஜினியர் என்று சொல்லி வைத்திருந்தார். அப்போது அவள் பாடம் தொடங்கி மூன்றே வாரம் ஆகியிருந்தது.

ஸ்கேன் சென்டரில் அப்பாயின்ட்மென்ட் போடும் சாஃப்ட்வேரை ஒரு சிறிய கம்பெனி செய்து கொடுத்திருந்தது. அதில் ஒரு கோளாறு. செவ்வாய்க்கிழமையானால் இரண்டாம் அறை திரையில் வரவே வராது. அறை சும்மா கிடக்கும். ஆனால் யாருக்கும் கொடுக்க முடியாது. மூன்று முறை புகார் எழுதியும் பதில் இல்லை. நான்காவது புகாரை எழுதுவதற்காக அந்தக் கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஓர் அறிவிப்பு இருந்தது: பட்டம் வேண்டாம், செய்து காட்டினால் போதும், ஆறு வாரம் பயிற்சி, பிடித்துப் போனால் வேலை. புகார் எழுதப் போனவள் விண்ணப்பம் எழுதிவிட்டு வந்தாள். இரண்டு பரீட்சை வைத்தார்கள். இரண்டிலும் தேறினாள். ஸ்கேன் சென்டர் மேலாளர் மட்டும், "ஆறு வாரம் உங்க சீட்டை வெச்சிருப்பேன். ஏழாவது வாரம் வேற ஆளு," என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதில் தப்பு சொல்ல முடியாது.

புது அலுவலகம் ஒரு ஃபர்னிச்சர் கடைக்கு மேல் மூன்றாம் மாடியில் இருந்தது. இரண்டு வரிசை மேசை, சுவர் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை, ஜன்னலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே உயிரோடிருக்கும் ஒரு கள்ளிச் செடி. மொத்தம் ஆறு பேர். அவர்களுக்குத் தலைவனாக இருந்தவனுக்கு இருபத்தொன்பது வயது. மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவான் என்பதால் அவனுக்குக் கண்ணாடி என்றே பெயர். அவள் அவனை 'சார்' என்றாள். "சார் எல்லாம் வேணாங்க," என்று நெளிந்தான். 'தம்பி' என்று ஒரு தடவை வாய் தவறி வந்துவிட்டது; அவன் பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். கடைசியில் அவன் அவளை அக்கா என்பது, அவள் அவனை எதுவும் சொல்லாமல் 'இங்க பாருங்க' என்று மட்டும் கூப்பிடுவது என்று இருவரும் சமாதானமானார்கள்.

இரண்டாம் வாரம் பழைய கோடு ஒன்றைப் படிக்கச் சொன்னார்கள். அதாவது, சாஃப்ட்வேருக்குள்ளே வரி வரியாக எழுதியிருக்கும் கட்டளைகளை. படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் துள்ளி எழுந்தாள். அங்கே, செவ்வாய்க்கிழமை என்றால் இரண்டாம் அறையைக் காட்டாதே என்று ஒரு வரி ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தது.

"இதை யாரு எழுதினது?"

"தெரியாதுங்க்கா. எழுதினவரு எப்பவோ போயிட்டாரு. ஏன் எழுதினாருன்னு யாருக்கும் தெரியல. எடுத்தா எது கவிழும்னும் தெரியல. அதனால நாங்க யாரும் அதைத் தொடுறதில்ல," என்றான் கண்ணாடி, வீட்டுக்குள் வந்த பாம்பைப் பற்றிச் சொல்வதுபோல.

"எனக்குத் தெரியும்! உங்க சாஃப்ட்வேரை முதல்ல வாங்கினதே எங்க சென்டர்தான். அப்ப ரெண்டாம் ரூம்ல ஒரு பழைய மெஷின் இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை ஆனா அதை சர்வீஸ் பண்ண ஆள் வருவாரு. அந்த மெஷினைத் தூக்கி அஞ்சு வருஷம் ஆச்சுங்க!"

அன்று மாலையே அந்த வரியை அவள் கையாலேயே எடுக்கச் சொன்னார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐந்துக்கு, பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, அவள் போன் அடித்தது. கவுண்டரில் பக்கத்து நாற்காலிக்காரி, ஒன்பதரை வருஷத் தோழி. ஹாலின் கடைசி வரிசை வரை கேட்கிற குரல் என்பதால் அவளுக்கு மைக் என்று பேர். "ஏய், ரெண்டாவது ரூம் வந்துடுச்சுடி! செவ்வாய்க்கிழமை! ரெண்டாவது ரூம்!" என்று மைக் கத்திய கத்தலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டோக்கன் அக்காவுக்கு வாயெல்லாம் பல். தான் இங்கே ஒரு வரியை எடுத்தால் அங்கே ஒரு கதவு திறக்கிறது! இந்த வேலையை விட்டுவிட்டு இனி எந்த வேலைக்கும் போக முடியாது என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டும் என்று ஆசைப்பட்டது போய், இது இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம் வந்ததும் அந்த நிமிஷத்தில்தான்.

நான்காம் வாரம் அவளை நம்பிச் சொந்தமாக ஒரு வேலை கொடுத்தார்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு வராமலே இருப்பவர்களால் எல்லா ஸ்கேன் சென்டர்களுக்கும் தலைவலி. ஒருவர் தொடர்ந்து மூன்று தடவை வராவிட்டால், அவருக்கு ஏற்கெனவே கொடுத்த இடங்களையெல்லாம் எடுத்துக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவர் இனி நேரில் வந்து பேசினால்தான் புது இடம். இதுதான் விதி.

இந்த விதியை எழுத அவளைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் உண்டா? பன்னிரண்டு வருஷம் அவளுக்கு டிமிக்கி கொடுத்தவர்கள் எத்தனை பேர்! 'இதோ வந்துட்டே இருக்கேன்' என்று வீட்டுக்குள்ளிருந்தே சொன்னவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொரு வரியையும் வஞ்சம் தீர்ப்பதுபோல எழுதினாள். சோதனைக்கு இருபத்தாறு விதமான ஆட்களைக் கற்பனை செய்து, அத்தனை பேரையும் தன் விதிக்குள் அனுப்பிப் பார்த்தாள். இருபத்தாறும் தேறிப் பச்சை காட்டின. கண்ணாடி ஒரு முறை படித்துவிட்டு, "நல்லா இருக்குங்க்கா. இதையே உங்க முதல் ரிலீஸா அனுப்பிடலாம்," என்றான். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறாம் வாரம் வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாற்பத்து மூன்று சென்டர்களுக்கும் அவளுடைய கோடு போகும். வெள்ளிக்கிழமை பயிற்சி முடியும். கணவர் காவலாளிகளிடம் நேரத்தோடு சொல்லிவிட்டார்.

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஒரு கடைசிச் சடங்கு. எல்லாச் சென்டர்களின் விவரங்களையும் ஒரு நகல் எடுத்து, விதி நிஜமாகவே ஓடினால் யார் யாருடைய இடம் பறிபோகும் என்று பார்ப்பது. பெயர்கள் தெரியாதபடி மறைத்திருப்பார்கள். வயது, எந்த ஸ்கேன், எத்தனை தடவை வரவில்லை என்பது மட்டும் தெரியும். கண்ணாடி பட்டியலைச் சுவர்த் திரையில் போட்டான். அதிக தடவை வராதவர் முதல் வரியில்.

வயது 99. இடது முழங்கால். வரவில்லை: 3,088.

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. "மூவாயிரமா! யாருப்பா இந்தத் தாத்தா?" "தினம் ரெண்டு தடவை முழங்கால் வலிக்குமா இவருக்கு?" "ஏதோ தப்பான டேட்டா. நம்ம விதி போட்டுத் தள்ளிடும், விடுங்க."

டோக்கன் அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெரியவரைப் பெற்றவளே அவள்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு, சாஃப்ட்வேர் வருவதற்கு முந்தி, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஒரு நீள நோட்டில். காலையில் ஒரு வரி, மாலையில் ஒரு வரி எழுதாமல் விட்டுவிடுவார்கள். விபத்தில் அடிபட்டவர்கள், திடீரென்று மயங்கி விழுந்தவர்கள் என்று மருத்துவமனையிலிருந்து அவசரமாக யாரையாவது தள்ளிக்கொண்டு வந்தால் அந்த வரி அவர்களுக்கு. சாஃப்ட்வேருக்கு இது புரியவில்லை. காலியாக இருக்கும் இடமென்றால் யாருக்காவது கொடுத்துத் தீர வேண்டும் அதற்கு. முதல் வாரமே தலையில் அடிபட்ட ஒருவர் வந்துவிட்டார்; மாலை வரை ஓர் இடமில்லை. டோக்கன் அக்கா ஹாலில் இறங்கி ஒவ்வொருவரிடமும் கெஞ்சியதில், யாரோ ஒரு புண்ணியவதி இடம் விட்டுக்கொடுத்தாள். அன்று மதியம் அவளும் மைக்கும் கூடிப் பேசி ஒரு நோயாளியை உண்டாக்கினார்கள். பெயர்: பெரியவர். வயது: 99. நோய்: இடது முழங்கால். போன் நம்பர்: கவுண்டர் போன். தினமும் பதினொன்று இருபதுக்கு ஒரு ஸ்கேன், மூன்று நாற்பதுக்கு ஒரு ஸ்கேன். அவசர நோயாளி வந்தால் பெரியவரை ரத்து செய்துவிட்டு அவரை உள்ளே அனுப்புவார்கள். யாரும் வராவிட்டால் பெரியவர் வரவில்லை.

ஒன்பது வருஷமாக ஒரு வயதுகூட ஏறாத அந்த மனிதருக்குத் தினமும் காலையில் கவுண்டர் போனில் ஒரு செய்தி வரும்: 'மதிப்பிற்குரிய பெரியவர் அவர்களே, இன்று உங்கள் ஸ்கேன். தவறாமல் வரவும்.' "வந்துட்டாலும்!" என்பாள் மைக். தினமும் சொல்வாள். அதோடுதான் அவர்கள் வேலை தொடங்கும்.

இதை எப்படி மறந்தாள்? அதுதான் அவளுக்கே விளங்கவில்லை. ஆறு வாரம் இந்தப் பக்கம் உட்கார்ந்ததில் அந்தப் பக்கம் மறந்துபோனதா? இருபத்தாறு ஆட்களைக் கற்பனை செய்தவளுக்குத் தான் கற்பனை செய்த முதல் ஆள் நினைவுக்கு வரவில்லையே! நான்கு மணிக்கு அவளுடைய கோடு போனால் பெரியவர் காலி. நாளைக் காலை பதினொன்று இருபது யாராவது ஒரு சாதாரண முதுகுவலிக்காரருக்குப் போய்விடும். ஸ்ட்ரெச்சரில் யாரையாவது கொண்டு வந்தால், மைக் மறுபடியும் ஹாலில் இறங்கிக் கெஞ்ச வேண்டும்.

சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? நான் ஒன்பது வருஷம் உங்கள் சாஃப்ட்வேரில் பொய் ஆளை ஏற்றி வைத்திருந்தேன் என்றா? என் முதல் ரிலீஸை நிறுத்துங்கள் என்றா? நாளைக்குக் கடைசி நாள். காட்டுவதற்கு அவளிடம் இருப்பது இந்த ஒன்றுதான்.

அவள் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். விரல்கள் தானாகவே ஒரு வரியைத் தட்டின: வயது 99 என்றால் விதியைப் பார்க்காதே. ஒரே வரி. பெரியவர் பிழைத்தார், ரிலீஸும் பிழைத்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு ஒரு கணம் குஷியே பிறந்துவிட்டது. பிறகு அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். இன்னும் ஐந்து வருஷம் கழித்து வேறு யாரோ இதே நாற்காலியில் உட்கார்ந்து, 'இது ஏன் இங்க இருக்கு? எடுத்தா எது கவிழும்?' என்று தலையைச் சொறிவார்கள். யாரும் தொடமாட்டார்கள். நிஜமாகவே தொண்ணூற்றொன்பது வயதில் ஒருவர் டிமிக்கி கொடுத்தால் அவரும் தப்பிப்பார். செவ்வாய்க்கிழமை வரியை எழுதிய அந்த முன்பின் தெரியாத ஆளை இரண்டாம் வாரம் அவள் எவ்வளவு திட்டினாள்! இப்போது அவளே அந்த ஆள்.

அந்த வரியை எழுத்து எழுத்தாக அழித்தாள். எழுந்து கண்ணாடியின் மேசைக்குப் போனாள்.

"இங்க பாருங்க. நாலு மணி ரிலீஸை நிறுத்துங்க. அந்தப் பெரியவர் டேட்டா தப்பு இல்ல. நான்தான் அவரு."

கண்ணாடி தலைக்கு மேலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், நோட்டிலிருந்து முழங்கால் வரை. சொல்லி முடிப்பதற்குள் மற்றவர்களும் சுற்றி நின்றுவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி திரும்பி, நகலில் வேறு ஒரு கணக்கைத் தட்டினான். பெரியவர் எத்தனை தடவை ரத்தாகியிருக்கிறார்? 2,312.

"அக்கா, அப்படின்னா இது..."

"ஆமா. அத்தனை பேரு அவசரமா வந்து, காத்திருக்காம உள்ள போயிருக்காங்க."

யாரும் எதிர்பாராத வேலை ஒன்றை அவன் அடுத்துச் செய்தான். மற்றச் சென்டர்களிலும் இதுபோல் வராமலே ரத்தாகும் ஆட்கள் இருக்கிறார்களா என்று தேடினான். பதினாறு பேர் வந்தார்கள்! ஒரு சென்டரில் 111 வயது. இன்னொன்றில் ஒரு வயதுக் குழந்தைக்குத் தினமும் வலது தோள். பதினாறு கவுண்டர்களில் பதினாறு பெண்கள், ஒருவரையொருவர் பார்த்ததே இல்லாதவர்கள், இதே பொய்யைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். டோக்கன் அக்காவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. போய் அந்தப் பதினாறு பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஆனால் ரிலீஸை நிறுத்த கண்ணாடிக்கு அதிகாரம் கிடையாது. கம்பெனியை நடத்தும் அம்மாளிடம் போக வேண்டும். அவர் பேச்சில் மிச்சம் பிடிப்பவர்; ஒரு வார்த்தை போதுமென்றால் இரண்டு சொல்லமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு டோக்கன் அக்காவைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா எங்க சாஃப்ட்வேரை ஏமாத்தியிருக்கீங்க."

கவுண்டரில் பழகிய நாக்கு அல்லவா? "ஏமாத்தலங்க. அதுல இடமில்ல. நாங்க இடம் பண்ணிக்கிட்டோம்."

"ஏன் எங்ககிட்ட கேக்கல?"

"செவ்வாய்க்கிழமைக்கு மூணு தடவை கேட்டோம் மேடம்."

கண்ணாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அம்மாள் பேனாவை மேசையில் வைத்தார். "சரி. ரிலீஸ் வேணாம். அவசர இடம்னு நேர்மையா ஒண்ணு செய்யுங்க. திங்கட்கிழமை உங்க பழைய கவுண்டர்லயே வெச்சுப் பாக்கணும். ஓடினா பேசலாம்."

"நாளையோட என் பயிற்சி முடியுது மேடம்."

"திங்கட்கிழமை வரைக்கும் முடியல. போங்க."

அந்த மூன்று நாளைப்போல மூன்று நாள் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளைப் பலகை நிரம்பி வழிந்தது. சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைப் பரப்பினாள். அவசர இடத்தை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதில் சிக்கிக்கொண்டு முழித்தாள். கணவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எங்க லிஃப்ட்ல தீயணைப்புக்காரங்களுக்குன்னு ஒரு சாவி இருக்கு. மத்த நாள்ல யாரும் தொடமாட்டாங்க. ஆனா எல்லா லிஃப்ட்லயும் இருக்கும், எல்லாருக்கும் தெரியிற இடத்துல இருக்கும். ஒளிச்சு வெச்சா அது எதுக்கு?" என்றார். அவள் எழுந்து அவர் கன்னத்தைக் கிள்ளினாள். மகள், "என் முன்னாடி வேணாம்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்படித்தான் அது பிறந்தது: திரையில் எல்லாருக்கும் தெரியும்படி சிவப்பு ஓரம் போட்ட ஒரு கட்டம். கவுண்டரில் இருப்பவர்கள் மட்டும் திறக்கலாம். அந்த நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்புவரை அவசரம் எதுவும் இல்லையென்றால் ஹாலில் முதலில் காத்திருப்பவருக்கு அது தானாகவே போகும். ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசிச் சோதனையும் பச்சையானபோது "வேலை செய்யுது!" என்று கத்தினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, அவளும் கண்ணாடியும் ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். கவுண்டருக்கு வெளிப்பக்கம் நிற்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. உள்ளே அவளுடைய நாற்காலிக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை; காலியாக இருந்தது. முதுகில் அவள் போட்டிருந்த பூப்போட்ட குஷன்கூட அப்படியே இருந்தது. மைக் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புதுத் திரையைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "இந்தச் சிவப்புக் கட்டமா நம்ம பெரியவரு? ஒழுங்கா வேலை செய்யலேன்னா உன்னைத்தாண்டி கேப்பேன்."

பதினொன்று பத்துக்கு மருத்துவமனைப் பக்கத்துக் கதவு படாரென்று திறந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண், கூடவே ஓடி வரும் நர்ஸ், பின்னால் கையில் ஒற்றைச் செருப்போடு கணவன். ஏணியிலிருந்து விழுந்துவிட்டாளாம். மைக்கின் கை பழக்கத்தில் பெரியவரைத் தேடிப் போய், நடுவழியில் நின்று, சிவப்புக் கட்டத்தை அழுத்தியது. டோக்கன் அக்கா கவுண்டர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். கட்டம் திறந்தது. பெயர் ஏறியது. டோக்கன் வெளியே வந்தது. பதினொன்று பன்னிரண்டுக்கு ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்விட்டது. ஹாலில் யாரும் எழவில்லை, யாரும் கெஞ்சவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது.

கண்ணாடி ஓரமாகப் போய் அம்மாளிடம் போனில் பேசிவிட்டு வந்தான். முகம் பார்த்தாலே தெரிந்தது. "ஒரே வார்த்தைதான் கேட்டாங்க. 'ஓடுச்சா?'ன்னாங்க. ஓடுச்சுன்னேன். 'அட்டையை மாத்திக் கொடுத்துடு'ன்னுட்டு வெச்சிட்டாங்க."

அவள் உள்ளே கையை நீட்டி, நாற்காலி முதுகிலிருந்த குஷனை எடுத்துக்கொண்டாள். மைக் அதைப் பார்த்தாள். ஹாலின் கடைசி வரிசை வரை கேட்கிற குரல் அன்றைக்கு மட்டும் வெளியே வரவில்லை. "போடி," என்றாள் மெதுவாக. கண் கலங்கியிருந்தது.

"இன்னும் ஒரு வேலை பாக்கி," என்றாள் டோக்கன் அக்கா.

பெரியவரை மூட வேண்டும். இனி அவருக்கு இடம் வேண்டாம். மைக் அவர் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பது வருஷம் நீளத்துக்கு வரவில்லை, ரத்து, ரத்து, வரவில்லை என்று போய்க்கொண்டே இருந்தது. இன்றைய மூன்று நாற்பதும் இனி வரும் நாட்களும் சிவப்புக் கட்டத்துக்குப் போய்விட்டன; அவர் பெயரில் கடைசியாக மிச்சமிருந்தது இன்றைய பதினொன்று இருபது மட்டும். அதற்கு ஏதாவது ஒன்றைப் போட்டால்தான் மூட முடியும்.

"வரவில்லைன்னு போட மனசு வரலடி," என்றாள் மைக்.

"போடாத. கொஞ்சம் தள்ளிக்கோ."

டோக்கன் அக்கா கவுண்டருக்கு வெளியிலிருந்தே எட்டி மவுஸைப் பிடித்தாள். அந்தச் சின்னப் பட்டியலில் ஒன்பது வருஷமாக அவருக்கென்று ஒரு தடவைகூட யாரும் தொடாத மூன்றாவது சொல் ஒன்று இருந்தது. அதை அழுத்தினாள்: வந்தார்.

கவுண்டர் போன் ஒரு முறை ஒலித்தது. வந்தவர்களுக்கு மட்டும் சாஃப்ட்வேர் தானாக அனுப்பும் செய்தி அது. பெரியவர் பெயரில் அவர்கள் அதை ஒரு நாளும் பார்த்ததில்லை. மைக் எடுத்துச் சத்தமாகப் படித்தாள், இந்தத் தடவை கடைசி வரிசை வரைக்கும் கேட்டது:

"மதிப்பிற்குரிய பெரியவர் அவர்களே, இன்று வந்ததற்கு நன்றி. இனி எல்லாம் நலமாக இருக்கட்டும்."